சமயவாதத்திற் பொருளும் நோக்கமும்

உலகத்துச் சமயங்கள் பலவற்றுள்ளும் தன் கொள்கையை நிறுவுதலும் பிறர் கொள்கையை மறுத்தலும் தொன்றுதொட்டு நிகழ்ந்து வருவனவாம். வாதஞ் செய்வோன் உண்ணவேண்டும். அவன் எழுதிய ஏடு பரவுதற்குப் பொருள் வேண்டும். அப்பொருளைக் கொடுப்பவன் ஒருவன் வேண்டும். ஆதலின், சமயவாதம் எங்கே உண்டோ அங்கே பொருளும் உண்டு. பொருள் உள்ளவிடத்தே, இவன் கூலிக்குப் பேசுகின்றான், இவன் புகழுக்கு எழுதுகின்றான் என்னும் பழிச்சொல்லும் உடன்பிறந்ததுபோல வந்து நிற்கின்றது. அப்பழிச்சொல் ஒருகால் உண்மையாகும், ஒருகாற் பொய்யாகும். உண்மையாயினும் பொய்யாயினும், அது கொள்கையின் மெய்ம்மையைத் தீர்மானிக்க வல்லதோ என்பதே ஆராயற்பாலது.

இதனை ஆராய்தற்கு வெகுதூரம் செல்லவேண்டுவதில்லை. கடலூரும் சிதம்பரமும் ஆகிய இரண்டு ஊர்களின் வரலாறே போதிய சான்று தருகின்றது. வாகீசப் பெருந்தகையார் கரையேறியதும், அருண்மொழித்தேவர் திருத்தொண்டர் புராணம் பாடி முடித்ததும், உமாபதிசிவனார் சங்கற்ப நிராகரணம் அருளியதும், பிற்காலத்துச் சைவப் பெரியோர் இருவர் நீதிமன்றத்தில் எதிர்நின்றதும் இவ்விரண்டு ஊர்களின் எல்லையுள்ளே நிகழ்ந்தனவேயாம்.

பாடலிபுரத்துப் பள்ளி

இக்காலத்துக் கடலூரின் ஒரு பகுதியாகிய திருப்பாதிரிப்புலியூர், பண்டு பாடலிபுரம் எனப் பெயர்பெற்றுச் சமணர்தம் பெரும்பள்ளி ஒன்றற்கு இடமாயிருந்தது. சக ஆண்டு 380-இல், அஃதாவது கி.பி. 458-இல், சருவநந்தி என்னும் சமண முனிவர் லோகவிபாகம் என்னும் நூலை எழுதிய பாடலிகை என்பது இவ்வூரே என்று வரலாற்றறிஞர் கொள்வர். கலைபயில் பள்ளியாகவும் அரசர் ஆதரவு பெற்ற நிலையமாகவும் அது நெடுங்காலம் விளங்கிற்று. மருணீக்கியார் அப்பள்ளியை அடைந்து, சமண நூல்களைக் கற்றுத் தருமசேனர் என்னும் பெயருடன் தலைமை பெற்றிருந்ததும், சூலைநோயால் வருந்தித் திருவதிகையில் இருந்த தமக்கையார் திலகவதியாரை இரவிலே அடைந்ததும், இறைவன் திருவருளால் நோய் நீங்கித் திருநாவுக்கரசர் ஆனதும் சைவ மெய்யன்பர் யாவரும் அறிந்தனவே.

அதன்பின் பாடலிபுரத்துச் சமணர் என் செய்தனர் என்பதைச் சேக்கிழார் பெருமான் கூறும் முறை ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது. தருமசேனர் சைவரானதை அரசன் அறியின், அவனும் சைவனாகித் தம் விருத்தியை, அஃதாவது சீவனத்துக்குரிய மானியத்தை, நிறுத்திவிடுவான் என்று அவர் அஞ்சினராம். அவ்வச்சத்தால் தாமே முந்திச் சென்று, தருமசேனர் தமக்கையைப்போல் சைவத்திற் சேர விரும்பிச் சூலைநோய் வந்ததாகப் பொய்த்தார் என்று பல்லவனிடம் முறையிட்டனராம். இங்கே இருதிறத்தும் நோக்கமே பேசப்படுகின்றது. சமணர் நாவரசர்க்குப் பொய்ந்நோக்கம் கற்பித்தனர். சமணர் செயலுக்குக் காரணம் சீவனத்தைப் பற்றிய அச்சம் என்று புராணம் உரைக்கின்றது.

அவ்வச்சம் வீணாயிற்றோ எனின், ஆகவில்லை. பல்லவன் சைவனாயினான்; பாடலிபுரத்துப் பள்ளிகளை இடித்துக் கொணர்ந்த கல்லைக்கொண்டு திருவதிகையிலே குணபரவீச்சரம் எடுத்தான் என்று அப்புராணமே கூறுகின்றது. குணபரன் என்பது முதலாம் மகேந்திரவர்மனுக்குரிய பெயர் என்பது கல்வெட்டால் அறியப்படுவது. எனவே, அரசன் கருத்து மாறியவுடன் பொருளும் இடம்மாறிற்று. ஒரு பள்ளியின் கல் மற்றொரு கோயிலின் கல்லாயிற்று. இதனை மறைத்தலால் சைவத்திற்கு ஆவதொரு நன்மையும் இல்லை.

இதனால் அறியற்பாலது யாது? சமணர் தம் மானியத்துக்கு அஞ்சினர் என்பதனால் சமணக் கொள்கை பொய்யாகிவிடாது. சைவர் குணபரவீச்சரத்தைப் பெற்றனர் என்பதனால் சைவக் கொள்கை மெய்யாகிவிடாது. ஆதரவு அரசனைச் சார்ந்தது. மெய்ம்மை பிரமாணத்தைச் சார்ந்தது. அதனாலன்றோ, குணபரவீச்சரம் எழுந்து அறுநூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அருணந்தி சிவாசாரியார் சமணர் கொள்கையை எடுத்து ஆராய்ந்து மறுக்கவேண்டியிருந்தது? கல்லால் முடியாத காரியம் ஒன்று எஞ்சியிருந்தது. அது நூலால் முடிக்கவேண்டிய காரியம்.

ஆயினும் நாவரசர் வரலாற்றினின்று நோக்கத்தைப் பற்றிய அடையாளம் ஒன்று கிடைக்கின்றது. அவர் பள்ளியிலே தலைமை உடையவர். உணவும் மதிப்பும் ஆதரவும் உடையவர். அவற்றையெல்லாம் துறந்து, உழவாரம் ஒன்றையே கருவியாகக் கொண்டு, நீற்றறைக்கும் நஞ்சுக்கும் யானைக்கும் கற்றூணுக்கும் தம்மை ஒப்புக்கொடுத்தார். பெற்றதைக் கொண்டு ஒருவன் நோக்கத்தைக் கணித்தல் எளிதன்று. இழந்ததைக் கொண்டு ஒருவாறு கணிக்கலாம்.

தரங்கம்பாடியிலிருந்து கடலூருக்கு

அரசன் மானியத்தால் நடந்த சமயவாதம், ஐரோப்பியர் வருகைக்குப்பின் புதியதொரு முறையில் நடப்பதாயிற்று. 1706-ஆம் ஆண்டு தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு ஐயர் முதலிய ஜெர்மானியப் பாதிரிமார் எழுதிய கடிதங்களும் அறிக்கைகளும் 1710 முதல் ஜெர்மனி நாட்டு ஹாலே நகரத்தில் அச்சிடப்பட்டு வெளிவந்தன. அவற்றைப் படித்தோர் பொருளுதவி செய்தனர். இங்கிலாந்திலிருந்த கிறிஸ்தவ அறிவு விளக்கச் சங்கத்தார் அச்சுயந்திரமும் பொருளும் அனுப்பினர். அச்சங்கத்தாரின் பொருளுதவியோடு கடலூரிலும் 1737-ஆம் ஆண்டு மிஷன் ஒன்று நிறுவப்பெற்றது. 1740-இல் ஆங்கு வந்த கீர்நாந்தர் என்னும் பாதிரியார், தேவனாம்பட்டினத்துக் கோட்டையைப் பிரெஞ்சுக்காரர் 1758-இற் கைப்பற்றுமளவும் அவ்விடத்தே பணிசெய்தார்.

இம்முறையின் தன்மையை நடுவுநிலையோடு நோக்கவேண்டும். கேட்போர் ஒருவர், பொருள் கொடுப்போர் மற்றொருவர். கடலூர்க் கடைத்தெருவிலே கேட்பவனுக்காகப் பேசிய பேச்சு, கடல்கடந்த நாட்டிலே கொடுப்பவனுக்காக அறிக்கையாய் எழுதப்பட்டது. கொடுப்பவன் எதனைக் கேட்க விரும்புவானோ அதனையே மிகுத்து எழுதும் சோதனை எழுதுவோனுக்கு உண்டாதல் இயல்பே. மதம் மாறினோர் சிலர் உண்மையுணர்ச்சியால் மாறினர். சிலர் கல்வியும் உத்தியோகமும் கருதி மாறினர். பின்னவரைப்பற்றிப் பாதிரிமாரே கவலைப்பட்டு எழுதியதும் உண்டு. எனினும், அப்பொருளைக்கொண்டே தமிழ் அச்சுத்தொழில் வளர்ந்தது. அகராதிகளும் இலக்கணங்களும் உரைநடை நூல்களும் வெளிவந்தன. பொருள் வந்த வழியையும் செய்த வேலையின் பயனையும் தனித்தனியே நிறுத்துப் பார்த்தலே நீதியாம்.

பெரும்பொருளும் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் ஒருங்குசேர்ந்த இம்முறை, பத்தொன்பதாம் நூற்றாண்டிலே யாழ்ப்பாணத்தில் மிகப் பெருகிற்று. வெசிலியன் மிஷனார் 1814-இலும் அமெரிக்க மிஷனார் 1816-இலும் ஆங்கே வேலை தொடங்கினர். அதற்குச் சைவர் கொடுத்த விடை தில்லைவரை வந்து சேர்ந்தது. அவ்விடையைக் கொணர்ந்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலரவர்கள்.

நாவலரவர்கள்

நாவலரவர்கள் 1822-ஆம் ஆண்டு நல்லூரிலே தோன்றினார். வெசிலியன் மிஷன் பாடசாலையிலே பயின்று, அங்கேயே ஆசிரியராகி, பேர்சிவல் பாதிரியார்க்கு விவிலிய நூலைத் தமிழாக்குவதில் துணைபுரிந்து சம்பளம் பெற்றார். 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலிலே சைவப் பிரசங்கத்தைத் தொடங்கி, 1848-இல் மிஷன் வேலையை விட்டு நீங்கினார். மிகுந்த சம்பளம் தருவதாகப் பாதிரியார் சொல்லியும் அவர் இசைந்திலர் என்று அவர் சரித்திரம் எழுதினோர் கூறுவர்.

கூலி பெற்றுச் செய்த வேலை பொய்யான வேலையோ என்னும் வினாவுக்கு இவர் வாழ்க்கையே விடையாகும். சைவராகிய இவர் சம்பளத்துக்கு விவிலியத்தைத் தமிழாக்கினார். அதனால் அம்மொழிபெயர்ப்புக் குறைவுபட்டிலது. சம்பளத்துக்குக் கற்ற அவ்விவிலியமே பின்னர் அவர்க்குச் சைவத்தைக் காக்கும் படைக்கலமும் ஆயிற்று.

1854-இல் அவர் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம் என்னும் நூலைப் பயின்றோர் இதனை அறிவர். சிவாலய வழிபாட்டைப் பாதிரிமார் இகழ்ந்தனர். அதற்கு விடையாக, அவர்தம் பழைய ஏற்பாட்டிலேயே ஆலயமும், பலிபீடமும், தூபதீபமும், அபிடேகத் தைலமும், நிவேதனமும், குருமாருக்குரிய ஆசாரமும் கடவுளால் விதிக்கப்பட்டிருத்தலை நாவலரவர்கள் இடம்சுட்டி எடுத்துக்காட்டினார். எதிரியின் உரையளவையைக் கொண்டே எதிரியை மறுத்த முறை அது. வெசிலியன் மிஷனைச் சார்ந்தோரே அந்நூலாசிரியரின் விவிலியப் பயிற்சியை வியந்து குறித்தனர். பாதிரிமார் சம்பளத்தைப்பற்றி எழுதியிருப்பின் அவர்கள் சினந்திருப்பர். அவர்தம் வேதத்தைப்பற்றி எழுதியமையால் அவர்கள் சிந்திக்கவேண்டியதாயிற்று.

பொருள் வகையிலும் நாவலரவர்கள் கையாண்ட நெறி கருதத்தக்கது. 1849-இல் அவர் சென்னை சென்று அச்சுயந்திரம் வாங்கினார். வழியிலே திருவாவடுதுறை ஆதீனத்தில் நாவலர் என்னும் பட்டம் பெற்றார். வண்ணார்பண்ணையில் 1848-இலும் சிதம்பரத்தில் 1864-இலும் சைவப்பிரகாச வித்தியாசாலைகளை நிறுவினார். இவற்றிற்கு வேண்டிய பொருளை மறைவிலே பெற்றாரல்லர். இன்ன காரியத்துக்கு இவ்வளவு பொருள் வேண்டும் என்று விக்கியாபனம் அச்சிட்டு உலகறியக் கேட்டார். யாழ்ப்பாணத்தாரும் தமிழ்நாட்டாரும் கொடுத்த பொருளாலும் நூல்களின் வருவாயாலும் அவை நடைபெற்றன. தமக்கென இல்லறமும் கொண்டிலர், செல்வமும் தொகுத்திலர். 1872-இல் அவர் தொடங்கிய சைவ ஆங்கிலப் பாடசாலை பொருள் முட்டுப்பாட்டால் நான்காண்டுகளில் மூடப்பட்டது. மிஷனார்க்குக் கடல்கடந்து வந்த பொருள் அவர்க்கு வந்திலது.

வடலூரும் தில்லையும்

நாவலரவர்கள் பிறந்த மறு ஆண்டாகிய 1823-இல், சிதம்பரத்தை அடுத்த மருதூரிலே இராமலிங்க சுவாமிகள் தோன்றினார். இளமையிலே சென்னையில் வளர்ந்து, ஒற்றியூர்ப் பெருமானையும் கந்தகோட்டத்துக் குமரனையும் பாடிய அவர், பின்னர்த் தென்னார்க்காட்டுப் பகுதியிலே வந்து தங்கினார். அவர் பாடல்களை அச்சிடுதற்கு அவரே முற்பட்டாரல்லர். இறுக்கம் இரத்தின முதலியார் முதலிய அன்பர் பலகால் வேண்டியும் அவர் எளிதில் உடன்பட்டிலர் என்பதும், பாடல் வந்து சேருமளவும் ஒருவேளை உணவே உண்பதென்று இரத்தின முதலியார் நோன்பு பூண்டார் என்பதும் அக்காலத்துக் கடிதங்களால் விளங்குகின்றன. மயிலைச் சோமசுந்தரச் செட்டியார் பொருளுதவ, தொழுவூர் வேலாயுத முதலியார் தொகுக்க, 1867-இல் திருவருட்பாவின் முதற்பகுதி வெளிவந்தது. அவ்வாண்டே மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் சத்திய தருமச்சாலை தொடங்கப்பெற்றது. அதற்குரிய நிலத்தை ஊரார் இனாமாக அளித்தனர். பசித்தோர் யாவரும் சாதி சமயம் வினவாது உண்பிக்கப்பட்டனர்.

தில்லையிலோ, நாவலரவர்கள் வித்தியாசாலையை நிறுவியபின், பொன்னம்பலத்துப் பூசைக்குரிய தீட்சிதர்களுக்கும் அவர்க்கும் மாறுபாடு உண்டாயிற்று. சைவாகம தீட்சை பெறாதார் சிவாலயத்துக்குரியர் ஆகார் என்பது நாவலரவர்கள் கொள்கை; தம் உரிமை வேதவழி வந்தது என்பது தீட்சிதர்கள் கொள்கை. இது நூலாராய்ச்சியால் தீர்தற்குரிய வழக்கேயாம். இதனோடு திருவருட்பாவைப் பற்றிய வழக்கும் வந்து கலந்தது. அருட்பா என்னும் பெயர் மூவர் தமிழுக்கும் மணிவாசகர் தமிழுக்கும் அவைபோன்ற திருமுறைகளுக்குமே உரியது. வாழ்ந்திருப்பார் ஒருவர் பாடலுக்கு அப்பெயரும் திருமுறை என்னும் வகுப்பும் இடுதல் தகாது என்பது நாவலரவர்கள் பக்கத்தார் கூற்று. அருள் ஒரு காலத்தோடு முடிந்துவிடுவதன்று. இக்காலத்தும் அருள்பெற்றார் பாடுவர் என்பது எதிர்ப்பக்கத்தார் கூற்று.

இவ்வினா சிறிதன்று. திருமுறையின் எல்லை யாது? ஒரு பாடல் அருட்பாடல் என்பதற்கு அளவை யாது? அதனை வகுக்க உரியார் யார்? இவையெல்லாம் சித்தாந்த நூல்வல்லார் ஓரவையில் அமர்ந்து நெடிது ஆராய்தற்கு உரியன. ஆயின் நிகழ்ந்தது வேறு. போலியருட்பா மறுப்பு முதலிய கண்டனங்களும், அவற்றிற்கு மறுப்புக்களும், மறுப்புக்கு மறுப்புக்களும் விரைந்து அச்சேறின. பொருள்வாதம் சுருங்கிற்று, ஆள்வாதம் பெருகிற்று. பாடலின் இலக்கணமும் சித்தாந்தப் பொருளும் பேசிய ஏடே, பாடியவர் ஒழுக்கத்தையும் மறுத்தவர் உள்ளத்தையும் பேசுவதாயிற்று. சைவதூஷண பரிகாரத்தில் எதிரியின் வேதத்தைக் கையில் எடுத்துப் பேசிய பக்கமே, சைவருக்குள் நேர்ந்த வழக்கில் எதிரியின் நோக்கத்தைக் கையில் எடுத்தது. எதிர்ப்பக்கத்தாரும் அதனிற் பின்வாங்கினாரல்லர்.

மஞ்சக்குப்பத்து வழக்கு

1869-ஆம் ஆண்டு ஆனித் திருவிழாக்காலத்தே சிதம்பரம் கோயிலிற் கூடிய கூட்டமொன்றில் தம்மை இழித்துப் பேசினர் என்று நாவலரவர்கள், இராமலிங்க சுவாமிகள்மீதும் தீட்சிதர் சிலர்மீதும் கடலூர் மஞ்சக்குப்பத்து நீதிமன்றத்தில் அவதூறு வழக்குத் தொடுத்தார். சேக்கிழார் பாடிய தில்லையில் எழுந்த சைவ வழக்கு, நாவரசர் கரையேறிய கடலூரிலே, ஆங்கில அரசினரின் குற்றவியற் சட்டத்தின் முன் சென்று நின்றது.

வழக்கின் முடிவை இருதிறத்தாரும் இருவகையாகவே சொல்லிவந்தனர். சுவாமிகள் மன்றத்தினுட் புகுந்தபோது அவையோர் அனைவரும், நாவலரவர்களும் உட்பட, எழுந்து நின்றனர் என்றும், அதனால் வழக்குத் தள்ளப்பட்டது என்றும் ஒருசாரார் கூறுவர். தீட்சிதர் ஒருவர் தண்டிக்கப்பட்டார் என்று மற்றொரு சாரார் கூறுவர். ஒவ்வொருவரும் தத்தம் ஆசிரியர்க்கு வெற்றி தேடுவதிலேயே கருத்தாயினர். அவ்வழக்கு எவ்வாறு முடிந்ததாயினும் ஒன்று உறுதி. இன்ன சொல் இழிசொல்லா என்பதை நீதிபதி தீர்க்கலாம். இன்ன பாடல் அருட்பாடலா என்பதை அவர் தீர்த்தல் ஒல்லாது. ஆகவே, மன்றம் கலைந்த பின்னும் வினா இருந்தவாறே இருந்தது.

இருந்தது மட்டுமன்று, அடுத்த தலைமுறைக்கும் அது சொத்தாகச் சென்றது. சுவாமிகள் 1874-இலும் நாவலரவர்கள் 1879-இலும் மறைந்தபின், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே நா. கதிரைவேற் பிள்ளையவர்கள் ஒருபுறமும், மறைமலையடிகளும் செய்குத்தம்பிப் பாவலரும் மறுபுறமுமாகச் சென்னையிலே அவ்வாதம் மீண்டும் எழுந்தது. மீண்டும் நீதிமன்றம் ஏறியது. கதிரைவேற் பிள்ளையவர்களின் மாணாக்கராகிய திரு. வி. கலியாணசுந்தர முதலியார், அவ்வழக்கிலே தம் ஆசிரியர்க்காகச் சாட்சி சொல்லச் சென்றமையால் பள்ளித் தேர்வு எழுத இயலாது போயினார். ஒரு மாணாக்கன் கல்வி, அறிஞர் பலருடைய காலம், அச்சுக்கும் வழக்குக்கும் ஆன பொருள் ஆகிய இத்தனையும் செலவாகியும், திருமுறை இலக்கணத்தைப் பற்றிய முதல்வினாவுக்கு உரிய ஆராய்ச்சி அவ்வேடுகளில் அருகியே கிடக்கின்றது.

இதனினும் இரங்கத்தக்கது ஒன்றுண்டு. இருபெரியோரும் பொருளைத் தமக்கெனச் சேர்த்தவரல்லர். ஒருவர் வடலூரிலே 1867-இல் பசித்தோர்க்கு அடுப்பு மூட்டினார். மற்றவர் 1877-ஆம் ஆண்டுப் பஞ்சத்திலே யாழ்ப்பாணத்தில் ஏழைகட்குக் கஞ்சி வார்ப்பித்தார். அவ்விரண்டு அடுப்புக்களிலும் எரிந்தது ஒரே நெருப்பு. அத்தகையோர் இருவர் இடையே எழுந்த வாதத்திற்கூட உள்நோக்கம் கற்பிக்கும் வழக்கம் புகுந்ததென்றால், பொருளாசை உடையார் இடையே எழும் வாதத்தில் அஃது எவ்வளவு கேடு விளைக்கும் என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

அளவைநெறி

சித்தாந்த சாத்திரங்கள் இவ்விடயத்திற் காட்டும் நெறி தெளிவானது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் தொடக்கத்தே அளவையை வைத்தனர். காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்காத எதுவும் அவையில் ஏறுதற்குரியதன்று. ஒருவன் நோக்கம் காண்டலுக்கு எட்டாதது; அஃது அவன் உள்ளத்தே கிடப்பது. கருதலால் அறியலாமெனின், பொருள் பெற்றான் என்னும் ஏதுவிலிருந்து பொய் சொன்னான் என்னும் முடிபு பெறப்படாது; பொருள் பெற்று மெய் சொல்வாரும், பொருள் பெறாது பொய் சொல்வாரும் உளராதலின் அவ்வேது பிறழ்ந்து போலியாய் ஒழியும். உரையளவையோ, நூலைப்பற்றியதன்றி ஆளின் உள்ளத்தைப்பற்றியதன்று. உயிருக்குள் உயிராய் நின்று உள்ளத்தை உள்ளவாறறிவோன் இறைவன் ஒருவனே. அவனுக்குரிய அறிவைத் தனக்குரியதாக்கிக்கொண்டு பிறன் நோக்கத்தைத் தீர்த்துரைத்தல், யான் அறிவேன் என்னும் ஆணவத்தின் தொழிலேயாம்.

அற்றேல், எதிரியை எவ்வாறு மறுப்பது எனின், பரபக்கத்தை நோக்குக. உலகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினால்வர் கொள்கைகளை ஆசிரியர் எடுத்துக்கொண்டார். ஒவ்வொன்றனையும் முதலில் அவனவன் வாய்மொழியாகவே நிறுத்தி, அவன் கூறத்தக்க ஏதுக்களையெல்லாம் அவனுக்கே கொடுத்துவிட்டு, அதன்பின்னரே மறுப்பைத் தொடங்குகின்றார். தில்லையிலே கி.பி. 1313-இல் உமாபதிசிவனார் அருளிய சங்கற்ப நிராகரணமும் அத்தகையதே. ஐக்கியவாதி, பாடாணவாதி, சிவசமவாதி முதலிய அகச்சமயத்தார், அஃதாவது தமக்கு மிக அணியர், ஆங்கே மறுக்கப்படுகின்றனர். தீட்சிதர் குலத்திற் பிறந்து, மறைஞானசம்பந்தரை ஆசிரியராகக் கொண்டமையால் அக்குலத்தாரால் விலக்கப்பட்டவர் உமாபதிசிவனார் என்பது வரலாறு. தம்மை விலக்கினோரின் உள்நோக்கத்தை எழுத அவர்க்குக் காரணம் இருந்தது. ஆயினும் அவர் எழுதியது சித்தாந்தமே. பிற்காலத்துச் சிவஞான முனிவர் சிவசமவாதவுரை மறுப்பிலே கையாளும் சொற்கள் கடுமையுடையனவே. எனினும் அக்கடுமை உரையின் வழுவைச் சுடுவது, உரைகாரர் சீவனத்தைச் சுடுவதன்று. ஆகவே, கடுஞ்சொல் ஒன்றே குற்றமன்று. சொல் எதன்மேற் செல்கின்றது என்பதே நோக்கற்பாலது.

இங்ஙனமாயின் பொருளைப்பற்றி யாதும் வினவலாகாதோ என்று ஒருவர் கேட்கலாம். வினவலாம், வினவுதல் வேண்டும். ஆனால் வினவும் இடம் வேறு. கொள்கை மெய்யோ என்பது அவையிற் கேட்கும் வினா. கொடுத்த பொருள் எங்கே சென்றது என்பது கணக்கிற் கேட்கும் வினா. இவ்விரண்டனையும் கலத்தலாலேயே தீமை விளைகின்றது. அடியார் கொடுத்த காசு சிவச்சொத்து. அதனைப் பெற்றுச் சமயத்துக்காகப் பேசுவோன், பெற்றதையும் செலவிட்டதையும் கேளாமுன்னரே வெளியிடக் கடமைப்பட்டவன். அக்காலத்து நூல்களின் முகப்பிலே, இன்னார் பொருளுதவியால் இன்ன அச்சுக்கூடத்திற் பதிப்பிக்கப்பெற்றது என்று பொறித்த வழக்கம் வெறும் நன்றியுரை அன்று. படிப்போனுக்குக் கொடுத்த கணக்குமாம். கொடுத்தவன் பெயர் முகப்பில் இருக்கும்போது, அவன் கருத்து நூலுள் எவ்வளவு புகுந்தது என்பதைப் படிப்போனே அளந்துகொள்வான். பெயரை மறைத்துப் பொருள் கொடுப்பதும், பொருளை மறைத்து வாதம் எழுதுவதும் ஐயத்துக்கு இடமாகும். அப்போதும், மறைத்தமை மறைத்தவன் குற்றமேயன்றி, அவன் கூறிய ஏதுவுக்கு விடையாகாது. ஏதுவுக்கு ஏதுவாலேயே விடையளித்தல் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. சண்டையை விரும்பிப் படிப்போர் உள்ளவரை, சண்டையை விற்போரும் இருப்பர். அருட்பா மருட்பாக் கண்டனங்கள் அடுத்தடுத்து அச்சேறியதற்கு எழுதினோர் மட்டும் காரணரல்லர். அவற்றை ஆவலோடு வாங்கினோரும் காரணரே. பத்துப்பாட்டின் பொருளை ஆராயும் ஏட்டினும், ஒருவரை இகழும் ஏடு எளிதில் விலைபோகும். அச்சு யந்திரத்தின் காலத்துக்கு ஒத்த இவ்வுண்மை, பேச்சும் எழுத்தும் நொடியிற் பரவும் இக்காலத்துக்கும் ஒக்கும். எனவே பொருள்நோக்கம் என்னும் குற்றம் வாதிப்போன் கையில் மட்டும் இல்லை. கேட்போன் காதிலும் அது சிறிது கிடக்கின்றது.

இவ்வரலாற்றை உணர்ந்தோர் செய்த நற்செயலும் இவ்விரண்டு ஊர்களைச் சார்ந்தே நிகழ்ந்தது. திருப்பாதிரிப்புலியூரிலே எழுந்தருளியிருந்த ஞானியாரடிகள், மறைமலையடிகள் முதலியோரோடு கூடி 1905-இல் சைவசித்தாந்த மகாசமாஜம் தோன்றுதற்குக் காரணராயினார். மாவட்ட முன்சீபாகப் பணிபுரிந்த ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்கள், சிவஞானபோதத்தை 1895-இல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, 1897 முதல் சித்தாந்த தீபிகை என்னும் இதழை நடத்தினார். அருட்பா வழக்கிலே எதிரெதிராய் நின்ற மரபினரும் சமாஜத்தின் கூட்டங்களிலே ஒருங்கு அமர்ந்து சித்தாந்தம் பேசும் நிலை வந்தது. நாவலரவர்கள் தில்லையில் நிறுவிய வித்தியாசாலை இன்றும் மாணவர்க்குக் கல்வி அளிக்கின்றது. வடலூர்த் தருமச்சாலையில் மூட்டிய அடுப்பு இன்றும் சோறு சமைக்கின்றது. அவர்கள்மீது எழுந்த கண்டன ஏடுகளோ ஆராய்ச்சியாளர் தேடி எடுத்துத் தொகுத்தாலன்றிக் காண்டற்கரியனவாயின.

ஆதலின் சைவ மெய்யன்பர் வாதம் செய்யப் புகுமுன் தம்மைத் தாமே வினவற்பாலன மூன்று. எதிரியின் கொள்கையை அவனே ஒப்புமாறு எடுத்துரைத்தாயிற்றா? மறுப்பு அவன் நூலின்மேற் செல்கின்றதா, அவன் உள்ளத்தின்மேற் செல்கின்றதா? தாம் பெற்ற பொருளின் கணக்கு வெளியில் இருக்கின்றதா? இம்மூன்றற்கும் நேரிய விடை உடையார் எத்துணை வன்மையாக வாதிப்பினும் சைவத்துக்கு ஆக்கமே விளையும். பாடலிபுரத்துத் தலைமையைத் துறந்து உழவாரம் ஏந்திய அப்பெருமான் திருவடி நெறி அதுவே. அந்நெறி நிற்றற்கு அம்பலவாணப் பெருமான் திருவருள் முன்னிற்பதாக.

சிவம்.